இருட்டுத் துகளுக்கு நேர்ந்த காவடி

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை காலையில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அப்பாவைக் கேட்டிருக்கிறாய். அவரும் வழக்கம்போல, "அவளுக்கு ஒன்னுமில்ல லா, பாசாருக்குப் போயிருக்கா" என்று சமாளித்திருக்கிறார். நான் காய் வாங்கப் பாசாருக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். உன் ஆராய்ச்சியில் எதுவும் கிடைக்கவில்லையே என்று அம்மா வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, மறுநாள் நீ ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பியிருந்தாய். "கிடைக்காததும் ஒரு முடிவுதான்ம்மா, இங்க யாரும் சோகமா இல்ல, கேக்குகூட வெட்டுனோம்" என்று சொல்லியிருந்தாய். அதைக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன். நீ நினைத்த காரணம் அது இல்லை. உண்மையான காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வராது. நாலு வார்த்தை பேசுவதற்குள் சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று என் வாய் தானாகப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

முதலில், நீ தேடுவது என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் அத்தை சாவுக்கு வந்திருந்தாயே, அப்போது தம்புன் பக்கம் பொமெலோப் பழம் வாங்கப் போனோம். சாலையோரத்துச் சுண்ணாம்பு மலையைக் காட்டி நீயே விளக்கினாய். இந்த மலைக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பட்டாசுச் சரம் கொளுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள், இந்தப் பக்கம் நமக்குச் சத்தம் வராது, புகை வராது, எல்லாவற்றையும் மலை மறித்துவிடும், நியூட்ரினோ என்கிற துகள் மட்டும் மலை என்று ஒன்று இருப்பதையே கவனிக்காமல் வந்துசேரும் என்றாய். உங்கள் ஊரில் பட்டாசுக்குப் பதிலாக இயந்திரத்தால் துகள்களை வேகமாக ஓடவிட்டு ஒரு கட்டையின் மேல் மோதவிடுகிறீர்கள். தூரத்தில் ஒரு பெரிய தொட்டியில் குளிரூட்டிய திரவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, என்ன வந்து சேருகிறது என்று பார்க்கிறீர்கள். "நியூட்ரினோவோட சேந்து இன்னொரு ஆளும் சத்தமில்லாம வருதான்னு பாக்குறோம்மா" என்றாய். யார் அந்த ஆள் என்று கேட்டேன். "அதுதான் தெரியாது. இருட்டுப் பக்கத்து ஆளு. வெளிச்சம் அத தொடாது. எப்பயாச்சும் ஒன்னு எங்க தொட்டிக்குள்ள வந்து ஒடைஞ்சா ரெண்டு கோடு தெரியும், அவ்வளவுதான்." இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றைத் தேடச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேட்டதற்கு, "குடுக்குறாங்க, கொஞ்சமா" என்று சிரித்தாய். பொமெலோ கடைக்காரச் சீனர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ரிட்டயர் ஆகும்வரை தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியாக இருந்தவள் என்பதால், இந்தத் தாமான் குடியிருப்பில் என்னைக் கிண்டல் செய்ய எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். "ஏன் மிஸ்ஸி, கண்ணுக்குத் தெரியாதத பாக்குறவங்கள இத்தன வருஷம் வார்டுல வச்சிப் பாத்துக்கிட்டீங்க. இப்ப வீட்டுலயே ஒன்னு இருக்குலா!" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. வார்டில், மூலையில் ஓர் ஆள் நிற்கிறான் என்று யாராவது சொன்னால், யாரும் இல்லை என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம், ஆமாம் இருக்கிறான் என்றும் சொல்ல மாட்டோம். என்ன செய்கிறான், எப்போது வந்தான் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். நீயும் அதைத்தான் செய்கிறாய் என்று எனக்குப் பட்டது. அந்தப் பொறுமை உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது என்று உன் அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். வேலையிடத்தில் எனக்கு இருந்த பொறுமை வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை என்று அவர் சொன்னார், அதுவும் உண்மைதான்.

அப்புறம் அந்தப் பெட்டிக் கதை. எடுத்த பதிவுகளில் அந்தத் துகள் இருந்தால் எங்கே தெரியுமோ, அந்தப் பகுதியை மட்டும் யாரும் பார்க்க முடியாதபடி மூடிவிடுவீர்கள் என்று சொன்னாய். சாதாரண நியூட்ரினோக்கள் எத்தனை அதுபோல வேஷம் போட்டு ஏமாற்றும் என்பது வரைக்கும் எல்லாக் கணக்கையும் வெளியிலிருந்தே முடித்து, எல்லாரும் சரி என்ற பிறகுதான் திறப்பீர்களாம். நான் நிஜமாகவே இரும்புப் பெட்டி, பூட்டு, சாவி என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். ஏன் இந்த அவஸ்தை, உடனே பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். "ஆசைதான்ம்மா காரணம். இருக்கணும்னு ஆசப்பட்டா, இருக்குற மாதிரியே தெரியும். அப்பா நம்பர் எடுக்குறாருல்ல, அந்த மாதிரி" என்றாய். உன் அப்பா மோதிக் கிடக்கிற காரைப் பார்த்தால் லாட்டரிக்கு அதன் நம்பரை எடுப்பார், கனவில் பாம்பு வந்தால் பாம்புக்கு ஒரு நம்பர் எடுப்பார். என்றைக்காவது ஒன்று அடித்துவிட்டால், கனவு பலித்தது என்று தாமான் முழுக்கச் சொல்வார். அடிக்காத பாம்புகள் அவர் நினைவில் நிற்பதே இல்லை. "நாங்களும் அப்பா மாதிரி ஆயிறக் கூடாதுன்னுதான் பொட்டிய மூடி வைக்கிறோம்" என்று நீ சொல்லி முடிப்பதற்குள், சோபாவில் கிடந்தவர் எழுந்து, "டேய், போன வருசம் அடிச்சிச்சிடா!" என்று கத்தினார். அன்றைக்கு நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இந்த வீட்டில் அப்புறம் கேட்கவில்லை.

இந்தத் தேடுகிற குணம் உனக்குப் படிப்பினால் வந்தது இல்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நம் நாய் ரோசி காணாமல் போனது நினைவிருக்கிறதா? தாமானுக்குப் பின்னால் அப்போது பாதி ரப்பர், பாதி செம்பனை. உன் அப்பாவின் குடும்பம் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த தோட்டம் அதுதான். இப்போது எல்லாம் இரண்டு மாடி வீடுகள். நாயைத் தேடி நீ தினமும் பள்ளி விட்டதும் கிளம்பிவிடுவாய். மற்ற பிள்ளைகளாக இருந்தால் "ரோசி, ரோசி" என்று கத்திக்கொண்டு கால்போன பக்கம் ஓடியிருப்பார்கள். நீ ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு தேடினாய். சாயங்காலம் வந்து, "மூணாவது லோரோங்ல இல்லம்மா" என்பாய். அடுத்த நாள், "பழைய பால் கொட்டாய்ல இல்லம்மா." ஏதோ கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி அதைச் சொல்வாய். கடைசியில் ஒரு நாள் வந்து, "நம்ம பக்கம் எங்கயும் இல்ல, எல்லாம் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாய் வந்து முட்டினால் திறக்கட்டும் என்று வெகுநாள் வரைக்கும் கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருந்தேன். இல்லை என்று தெரிந்துகொண்டால் உனக்கு மனம் ஆறிவிடும். எனக்கு அது போதாது, தம்பி. நம் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பத்தில் யாரும் சும்மா வருவதில்லை. சாவு என்றால் வருவோம், கல்யாணம் என்றால் வருவோம், ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் வருவோம். பாகான் டத்தோவில் இருந்த என் அம்மாவை நானே அப்படித்தான் பார்த்தேன். இங்கிருந்து கார் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், ஆனாலும் ஒரு காரியம் இருந்தால்தான் போவேன். காரியம் இல்லாமல் போய் நின்றால், "என்னடி, வீட்டுல சண்டையா?" என்று கேட்பார்கள். நீயும் அதே வழக்கத்தில் வளர்ந்தவன். போதாததற்கு, சிப்பாங் விமான நிலையத்தில் உன்னை அனுப்பி வைக்கும்போது எல்லாத் தாய்மார்களையும் போல, "எடுத்த வேலைய முடிச்சிட்டு வாய்யா" என்று நானும் சொல்லி அனுப்பினேன். முடிவே இல்லாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. நீ சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அத்தை சாவுக்கு வந்தாய், கருமாதி முடிந்ததும் போய்விட்டாய். அதற்கப்புறம் இங்கே யாரும் சாகவும் இல்லை, யாருக்கும் கல்யாணமும் ஆகவில்லை.

போன தைப்பூசத்தில் கோயில் வாசலில் மோர்ப் பந்தலில் நின்று எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு காவடி வந்தது. தூக்கி வந்தவன் செல்வி அக்காவின் மகன். ஆஸ்திரேலியாவில் இருப்பவன், வருடக்கணக்காக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவன். குழந்தைக்கு உடம்பு சரியானால் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டானாம், லீவு போட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு வந்துவிட்டான். செல்வி அக்கா முன்னால் வேப்பிலையை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டு போகிறாள், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் மோர்க் கரண்டியோடு நின்று பார்த்தேன். பக்தி வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், பொறாமைதான் வந்தது. அந்த இடத்திலேயே கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். 'முருகா, என் பிள்ளை தேடுகிற அந்த இருட்டுத் துகள் அவனுக்குக் கிடைத்துவிட்டால், அவனே நேரில் வந்து உனக்குக் காவடி எடுப்பான்.' அந்த 'அவனே நேரில் வந்து' என்பதைத்தான் அழுத்திச் சொன்னேன். உன் பேரில் நான் நேர்ந்துகொண்டது சரியா என்று நீ கேட்கலாம். தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா உன்னிடம் உளறிவிட்டார். நீ என்னைக் கூப்பிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாய். "ம்மா, ஒலகம் பூரா இத்தன பேரு அவங்கவங்க ஆசைய வெளிய வச்சிட்டு வேல செய்யிறோம். நீ முருகன் வழியா உள்ள விடுறியா?" என்றாய். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, "சரிம்மா. கெடைச்சா வாரேன்" என்றாய். நீ அதை விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. எனக்கு 'வாரேன்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்து, அந்தத் துகள் இருக்க வேண்டும் என்று கும்பிட்ட ஒரே பொம்பளை இந்தப் பேராக் மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன். விளக்கு வைக்கும்போது அதற்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்வேன். 'நீ எங்கே ஒளிந்திருந்தாலும் சரி, யார் கண்ணிலாவது பட்டுத் தொலை, என் பிள்ளை வீட்டுக்கு வரட்டும்' என்று துகளிடமே பேசியிருக்கிறேன். செல்வி அக்கா கேட்டிருந்தால் என்னை என் பழைய வார்டுக்கே அனுப்பி வைத்திருப்பாள்.

புந்தோங்கில் காவடி கட்டுகிற அண்ணனிடமும் போய்ச் சொல்லி வைத்தேன். அவர், "தோள் அளவு வேணும் அக்கா. ஆளு இப்ப எப்படி இருக்காரு, கனமா, ஒல்லியா?" என்று கேட்டார். போனில் உன் முகத்தைத்தான் பார்க்கிறேன், கழுத்துக்குக் கீழே எப்போதும் ஒரு கம்பளிச் சட்டை. உன் தோள் எந்த அளவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அலமாரியில் கிடந்த உன் பழைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "இது படிக்கிற பிள்ளை சட்டை அக்கா. இது பத்தாது. ஆளு வந்ததும் அளந்துக்கலாம், விடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டி திறப்பு என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். உனக்குச் சாயங்காலம், எனக்குக் காலை. குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா கோப்பியை ஊற்றி வைத்துக் குடிக்காமல் ஆறவிட்டார். நீ வந்தாய். உன் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன், மனதுக்குள் டிக்கெட்கூடப் போட்டுவிட்டேன். நீ சொன்னாய்: "ஒன்னும் இல்லம்மா! சாதா நியூட்ரினோ எத்தன வரும்னு கணக்குப் போட்டமோ, கரெக்டா அவ்வளவுதான் இருந்துச்சி. ரொம்ப சுத்தமா வந்திருக்கு. இந்த எடத்துல அது இல்லன்னு இனிமே தைரியமா சொல்லலாம்." பின்னால் யாரோ கை தட்டினார்கள். "அப்ப அடுத்தது?" என்று அப்பா கேட்டார். இன்னும் பெரிய தொட்டி, பூமிக்கு அடியில், சில வருடங்கள் ஆகும், உன்னையும் அதில் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய். என்னைப் பார்த்து, "காவடிய கேன்சல் பண்ணிரு, தப்பிச்சேன்" என்று கண்ணடித்தாய். அப்போதுதான் நான் போனை வைத்தேன்.

மறுநாள் கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்டேன். கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் காவடி எடுத்தே ஆகவேண்டும் என்று ஏதாவது முறை இருக்கிறதா, சாமி குத்தம் ஏதும் வருமா என்று சுற்றி வளைத்து விசாரித்தேன். வரும் என்று அவர் சொல்லிவிட்டால் உனக்கு உடனே தகவல் அனுப்பலாம் என்ற நப்பாசை. அவர் நல்ல மனிதர். "கேட்டது நடக்கலன்னா கடனும் இல்லம்மா. மனச போட்டு கொழப்பிக்காதீங்க, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். நிம்மதியாகப் போங்கள் என்று ஒருத்தர் சொல்லி எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது அன்றைக்குத்தான்.

உனக்குப் புத்தி சொல்லுகிற வயதை நீ தாண்டிவிட்டாய். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், இப்போதே இருக்கிறாளோ என்னவோ, அதையும் நீ சொல்ல மாட்டாய். அவளிடம் நம் குடும்பத்துப் பழக்கத்தைக் காட்டாதே. பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்ல நினைத்தால் அப்படியே சொல்லிவிடு. தண்ணீர் கொண்டு வா, கண்ணாடி எங்கே வைத்தாய் பார் என்று உன் அப்பா செய்வதைப்போல ஒரு சாக்கை முன்னால் அனுப்பாதே. எத்தனையோ வருடம் அவருக்குக் கண்ணாடி தேடிக் கொடுத்திருக்கிறேன், பாதி நாள் அது அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். உன் வேலையையும் விட்டுவிடாதே. பெரிய தொட்டிக்குப் போ. இங்கே வந்து வேலை பார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் துகள் இருந்தால் நீங்கள் பிடிப்பீர்கள், இல்லையென்றால் இல்லை என்று நேர்மையாகச் சொல்வீர்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் நீ அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய், எனக்குத் தெரியும். ஆனால் நீ இத்தனை வருடம் பொய் கலக்காமல் ஒன்றைத் தேடியவன், உன்னிடம் பொய்க்கணக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. முட்டி வலிக்கிறது, இந்த வயதில் யாருக்குத்தான் வலிக்கவில்லை. அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நம்பர் எடுப்பதுதான் கட்டுக்குள் இல்லை. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. நேர்த்திக்கடனும் இல்லை. நீ வருவதற்கு ஒரு காரணமாவது கிடைக்குமா என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

முருகனிடம் கேட்டேன், குருக்களிடம் கேட்டேன், கண்ணுக்கே தெரியாத ஒரு துகளிடம்கூடக் கேட்டேன். உன்னிடம் மட்டும் இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, தம்பி. சும்மா வா.

அம்மா